கேஸும் இல்லை, கரண்டும் இல்லை என்றால் ஒரு வாரம் வீட்டை ஓட்டுவது எப்படி? (கார்த்திகை, மார்கழிக்கு முன்னேற்பாடு)

லத்தேரி_வீடு கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் வழியில் லத்தேரியை ஒட்டி வீடு. ஐந்து பேர்: நாங்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு, 74 வயது அம்மா. அம்மா இன்சுலின் போடுகிறார். குளிர் காலத்தில் வீசிங் வந்தால் நெபுலைசரும் வேண்டும்.

வீட்டில் இருப்பவை: 850 விஏ சைன் வேவ் இன்வெர்ட்டர் (ஈபி கரண்டு போலவே சீரான அலையில் தருவது), 150 ஏஹெச் (ஆம்பியர் மணி) ட்யூபுலர் பேட்டரி (நாலு வருஷம் ஆகிறது), சாதா சீலிங் ஃபேன் மூன்று, 20 வாட் எல்இடி ட்யூப் இரண்டு, வைஃபை. கேஸ் ஒரே சிலிண்டர் இணைப்பு. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று. போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) 1 ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டார், மாடியில் 1000 லிட்டர் டேங்க். பின்பக்கம் தகரக் கூரை போட்ட, மூன்று பக்கம் திறந்த இடம் பத்துக்குப் பத்து இருக்கிறது.

புயல் மழை என்றால் எங்கள் லைனில் கரண்டு போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதே நேரத்தில் சிலிண்டர் வண்டியும் வராமல் போனால்? 25,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்? ஜெனரேட்டர் வாங்கலாமா, சோலார் போடலாமா, எதை முதலில் செய்வது? தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வயர்மேன்_ஆற்காடு:

சார், ஜெனரேட்டரை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முதல் செலவு ஃபேனில் செய்யுங்கள். காரணம் சொல்கிறேன்.

150 ஏஹெச், 12 வோல்ட் என்றால் காகிதத்தில் 1800 வாட் மணி. பேட்டரியை அடிவரை உறிஞ்சக் கூடாது, 80 சதவீதத்தோடு நிறுத்தினால்தான் ஆயுசு நிற்கும். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 15, 20 சதவீதம் சாப்பிடும். கையில் கிடைப்பது 1100 முதல் 1200 வாட் மணி, அதுவும் புது பேட்டரியில். உங்கள் மூன்று ஃபேன் தலைக்கு 75 வாட் வீதம் 225, ட்யூப் இரண்டு 40, வைஃபை 10. மொத்தம் 275 வாட். நாலு மணி நேரத்தில் பீப் சத்தம் கேட்கும்.

அதே பேட்டரியில் கரண்டு குறைவாக எடுக்கும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு (முழு வேகத்தில் தலைக்கு 30 வாட்), 9 வாட் பல்பு மூன்று, வைஃபை மட்டும் ஓட்டினால் நூறு வாட்டுக்குள் அடங்கும். பத்து மணி நேரத்துக்குக் குறையாது. வேகத்தை மூன்றில் வைத்தால் பிஎல்டிசி ஃபேன் பதினைந்து வாட்டை ஒட்டித்தான் எடுக்கும், ராத்திரி முழுக்கத் தாங்கும். இன்னொரு பேட்டரி வாங்குகிற காசில் பாதிக்கும் கீழே இந்த வேலை முடிகிறது. மார்கழியில் வேலூர்ப் பக்கம் ராத்திரி காற்றுக்காக ஃபேன் தேவைப்படாது, கொசுவுக்காகத்தான் போடுகிறோம். ஆளுக்கொரு கொசுவலை கட்டிவிட்டால் ராத்திரி லோடு இன்னும் குறையும். மழைக்குப் பின் டெங்கு சீசன் என்பதால் வலை எப்படியும் வேண்டும்.

பேட்டரி நாலு வருஷம் என்றீர்களே, அதை இப்போதே சோதித்துவிடுங்கள். ஒரு ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறட்டும். காலையில் மெயினை ஆஃப் செய்து, சரியாக 200 வாட் லோடு வையுங்கள்: இரண்டு சாதா ஃபேன், இரண்டு ட்யூப், வைஃபை போட்டால் அந்தக் கணக்கு வந்துவிடும். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரத்தை ஒட்டி ஓடினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. நாலு என்றால் இந்த சீசன் சமாளிக்கும். மூன்றுக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும், ஏனென்றால் அந்த நிலையில் இருக்கிற பேட்டரி தொடர்ந்து இரண்டு நாள் அரைச் சார்ஜில் கிடந்தால் பிளேட்டில் சல்ஃபேட் படிந்து மொத்தமாகப் படுத்துவிடும்.

தண்ணீர் அளவு: மிதவை சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்ஓ தண்ணீர் ஆகாது, அதில் உப்பு மிச்சம் இருக்கும். சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றுவதுதான் முறை. சார்ஜ் இல்லாத நிலையில் வாய் வரை ஊற்றினால் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். டெர்மினலில் பச்சை வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, நட்டை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். கழுவுவதற்கு முன் இன்வெர்ட்டரை ஆஃப் செய்து வயரைக் கழற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. புயல் காற்றில் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால் கரண்டு போகாது, வோல்டேஜ் எகிறும். ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கே 300, 350 வோல்ட் வரும், சில வீட்டுக்கு 100 வோல்ட்தான் வரும். பல்பு திடீரென்று கண் கூசுகிற மாதிரி எரிந்தாலோ, மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு அறையில் பிரகாசமும் மற்றதில் மங்கலுமாக இருந்தாலோ ஒரு நொடி யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். ஃப்ரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் போகும். டிபி போர்டில் (மெயின் சுவிட்ச் உள்ள பெட்டியில்) வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் தானே கட் ஆகும் சாதனம் ஒன்று மாட்டலாம், 40 ஆம்பியர் உங்கள் வீட்டுக்குப் போதும். நியூட்ரல் இல்லை என்று எர்த்திலிருந்து எடுத்து ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வீட்டுக்குள் விடாதீர்கள். அப்படிச் செய்தால் குளியலறைக் குழாய் வரை ஷாக் அடிக்கும்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் மேல் கிளை உரசுகிறதா என்று மழைக்கு முன்பே பார்த்து ஈபியில் சொல்லிவிடுங்கள். மின்னகம் 94987 94987, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். புகார் சொல்லும்போது சர்வீஸ் நம்பரைக் கையில் வைத்திருங்கள். நீங்களே அரிவாள் எடுக்காதீர்கள்.

அடுப்பங்கரை_ஆம்பூர்:

தம்பி, வயர்மேன் அண்ணன் சொன்னது கரண்டுக்கு. நான் அடுப்புக்குச் சொல்றேன். இண்டக்‌ஷன் இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க. கேஸ் தீர்ந்த நாளைக்கு அது உதவும். கரண்டு போன நாளைக்கு அது வெறும் கண்ணாடித் தட்டு. ரெண்டும் ஒண்ணா போற நாளைக்கு மூணாவதா ஒரு அடுப்பு வேணும், அது விறகோ மரத்தூளோ எதுவானாலும் சரி. உங்க பின்பக்கத் தகரக் கொட்டகை அதுக்கு ரொம்ப நல்ல இடம்.

மரத்தூள் அடுப்பைத்தான் முதல்ல சொல்வேன். ஒரு தடவை நிரப்பினா நாலஞ்சு மணி நேரம் விறகு தள்ளாம எரியும். 15 கிலோ எண்ணெய் டின் ஒண்ணு எடுத்து மேல்மூடியை முழுசா வெட்டிடுங்க. அடியிலிருந்து ஒரு அங்குலம் விட்டு, பக்கத்துல ரெண்டு அங்குல ஓட்டை ஒண்ணு போடுங்க. அந்த ஓட்டை வழியா ஒரு கட்டையை நடு வரைக்கும் படுக்கையா நுழைங்க. அது மேல நடுவுல ஒரு கண்ணாடி பாட்டிலையோ ரெண்டு அங்குலக் குழாயையோ செங்குத்தா நிறுத்துங்க. இப்ப மரத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டு, ஒவ்வொரு நாலு விரல் உயரத்துக்கும் கட்டையால நல்லா இடிச்சு இறுக்கணும். விளிம்புக்கு ரெண்டு விரல் கீழே நிறுத்திடுங்க. பாட்டிலை வலமும் இடமுமா திருகிக்கிட்டே மெதுவா மேலே எடுக்கணும், சட்டுனு இழுத்தா சுவர் சரிஞ்சு விழும். படுக்கைக் கட்டையும் அப்படியே திருகித்தான் வரணும். உள்ளே பார்த்தா "எல்" மாதிரி ஒரு புகைபோக்கி நிக்கும். அடி ஓட்டையில எண்ணெய்த் துணி வைச்சுப் பத்த வைங்க. முதல் பத்து நிமிஷம் புகையும், அப்புறம் நீலமும் மஞ்சளுமா நின்னு எரியும். பாத்திரம் டின் வாயை மூடிடக் கூடாது, மூணு கல் வைச்சு ஒரு விரல் உயரத்துல தூக்கி வைங்க. காத்து அடியில நுழைஞ்சு மேலே வெளியேறினாத்தான் எரியும்.

எங்கே தப்பாகும்னா தூள்லதான். ஈரத் தூள் புகைஞ்சே சாகும். ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடியே மர அறுவை மில்லுல மூட்டை வாங்கி, வெயில்ல ரெண்டு நாள் காயவைச்சு, பிளாஸ்டிக் சாக்குல கட்டி உயரத்துல வைங்க. ஒரு டின்னுக்கு மூணு நாலு கிலோ பிடிக்கும். ஒரு வாரத்துக்கு 25 கிலோ போதும். பிளைவுட் கடைத் தூள் மட்டும் வேண்டாம், அதுல இருக்கற பசை எரிஞ்சா வர்ற புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். அம்மாவுக்கு வீசிங் வேற இருக்கே. தூள் கிடைக்கலைன்னா மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோல் பொடிச்சுக் கலக்கலாம். நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சம் இல்லை.

விறகுன்னா ஒரு வேளைச் சமையலுக்கு ரெண்டு கிலோன்னு கணக்கு வைச்சுக்குங்க. சீமைக்கருவேலம் நின்னு எரியும், தென்னமட்டை பத்த வைக்க மட்டும்.

இனி எரிபொருளை எப்படிக் குறைக்கறதுன்னு பாருங்க. பருப்பை அரை மணி ஊற வைங்க. குக்கர்ல விசில் வந்ததும் சிம்முல வைச்சிடுங்க, அதுக்கு மேல பெரிய தீ வீண்தான். கேஸ் அடுப்போட பெரிய பர்னர் முழுத் தீயில மணிக்கு ஏறக்குறைய 150 கிராம் குடிக்கும். சாதத்தைக் கொதிக்க விட்டு இறக்கி வைக்கற முறை இருக்கே, அது இந்தச் சமயத்துக்குத்தான். புழுங்கலரிசியை அளவு தண்ணியில கொதி வந்ததிலிருந்து பத்து நிமிஷம் வேக விட்டு, மூடியைத் திறக்காம, அட்டைப்பெட்டியில வைக்கோலோ பழைய கம்பளியோ அடிச்சு அதுக்கு நடுவுல பாத்திரத்தைப் புதைச்சு, மேலேயும் போத்திடுங்க. ஒரு மணி நேரத்துல வெந்து இருக்கும். பாதிப் பாத்திரம் வைச்சா சூடு நிக்காது, முக்கால் பாத்திரம் நிறைஞ்சிருக்கணும். பச்சரிசிக்கு அஞ்சு நிமிஷக் கொதி, முக்கால் மணி நேரம்.

கேழ்வரகு கூழு இருக்கவே இருக்கு. சாயந்திரம் ஒரு தடவை கிளறிட்டா ராத்திரி களி, காலையில கரைச்சுக் கூழு, வெங்காயமும் மோர்மிளகாயும் வைச்சுக்கலாம். ஒரு தீயில ரெண்டு வேளை. குளிர்ல புளிப்பு ஏற நேரம் ஆகும், அதனால அடுப்பு ஓரமா வைங்க. அவல் ரெண்டு கிலோ, பொரி, சத்துமாவு, வெல்லம் கையிருப்புல இருக்கட்டும், அதுக்கு அடுப்பே வேணாம். புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே மாவை அரைச்சிடுங்க. கிரைண்டர் 200 வாட்தானேன்னு இன்வெர்ட்டர்ல போட்டு, ராத்திரி வெளிச்சத்தைத் தின்னுடாதீங்க.

தீப்பெட்டியைப் பத்தி, அது தயாராகற குடியாத்தத்துக்குப் பக்கத்துல இருக்கற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனா ஈரக் காத்துல உரசுபட்டை நமுத்துடும். ஒரு பண்டலை ஜிப் கவர்ல போட்டு அரிசி டின்னுக்குள்ள புதைச்சு வைங்க.

கேஸ்_சர்வீஸ்_ராணிப்பேட்டை:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக இரண்டாவது சிலிண்டருக்கு விண்ணப்பியுங்கள். டெபாசிட் 2022 ஜூன் முதல் 2,200 ரூபாய், திரும்ப வரும் பணம்தான். ஒன்று தீரும்போது இன்னொன்று நிறைந்திருக்கும். காலியானதை அன்றைக்கே புக் செய்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பாதிப் பாதியாக ஓட்டுகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் இரண்டாவது சிலிண்டர் வாங்கிய பலனே இல்லை. நம் நாட்டில் பயன்படுகிற எல்பிஜியில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே கோளாறு என்றாலும் வண்டி நிற்கும். 2025 மார்ச் கடைசியில் தென் மாநில டேங்கர் லாரிகள் வேலைநிறுத்தம் செய்ததையும் நினைத்துப் பாருங்கள். ஆகவே புயலுக்கு மட்டும் என்று திட்டம் போடாதீர்கள்.

எவ்வளவு மிச்சம் என்று தெரிய, சாமான் தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசு போதும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் காலி எடை எழுதியிருக்கும், 15 கிலோவை ஒட்டி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் மாறும். தூக்கிய எடையில் அதைக் கழித்தால் கேஸ். நிறை சிலிண்டரில் 14.2 கிலோ. வண்டிக்காரரிடம் வாங்கும்போதே சீல் பார்த்து எடையும் போடச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. அதே பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அந்தக் காலாண்டுக்குள் சோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர் என்று அர்த்தம். தேதி தாண்டியதை வாங்காதீர்கள்.

ஆரஞ்சு நிற டியூபில் அச்சிட்ட தேதியிலிருந்து ஐந்து வருஷம்தான் ஆயுசு. ரெகுலேட்டரை மாட்டுமுன் வால்வுக்குள் எட்டிப் பாருங்கள், கறுப்பு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது இல்லாமலோ வெடித்தோ இருந்தால்தான் "புதுச் சிலிண்டர் கசிகிறது" என்று போன் வருகிறது. சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும், தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது.

கரண்டு இல்லாத ராத்திரியில் கேஸ் வாடை வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். கரண்டு இல்லையே என்று சுவிட்சைத் தட்டிவிடக் கூடாது, இன்வெர்ட்டர் லைனில் கரண்டு இருக்கும். எந்த சுவிட்சும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் பேசுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அதனால் கூடுதல் சிலிண்டரைப் பள்ளத்திலோ, மாடிப்படிக்குக் கீழே அடைத்த இடத்திலோ வைக்க வேண்டாம். அடுப்பு எரிகிற கொட்டகையிலும் வேண்டாம்.

ரேஷன் மண்ணெண்ணெயை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இரட்டைச் சிலிண்டர் கார்டுக்கு அது கிடையாது.

லத்தேரி_வீடு:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். பக்கத்து வீட்டில் மானியத்தில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார்கள். அது இருந்தால் கரண்டு போனாலும் ஓடும்தானே? அப்புறம், மழை நாளில் அம்மாவுக்குக் குளிராமல் இருக்க கரி நெருப்புச் சட்டி அறையில் வைக்கலாமா?

வயர்மேன்_ஆற்காடு:

ஓடாது சார். மானியத்தில் போடுகிற சோலார் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்கிறது) ஈபி லைனோடு சேர்ந்து ஓடுகிற வகை. லைனில் கரண்டு இல்லை என்று தெரிந்ததும் அதன் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறிய லைன்மேன் உங்கள் வீட்டுக் கரண்டில் சாவார். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகை வேண்டும் என்றால் செலவு உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். பில்லைக் குறைக்க அது நல்ல முதலீடுதான், மின்வெட்டுக்கு மட்டும் என்று போட வேண்டாம்.

இதே காரணத்தால்தான் ஜெனரேட்டரையும் தயங்கித் தயங்கிச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க எரிய விடுகிறார்கள். அந்தக் கரண்டு டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கிப் போய் 11,000 வோல்ட்டாக ஏறும். வாங்குவதானால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்ப்பது) கட்டாயம். பிற்பாடு எப்போதாவது வாங்கினால் 1 கேவிஏ பெட்ரோல் மாடல் மணிக்கு அரை லிட்டர் வாக்கில் குடிக்கும். ஜன்னலிலிருந்து இருபது அடி தள்ளி, திறந்த வெளியில். உங்கள் கொட்டகை வீட்டை ஒட்டியிருப்பதால் அது சரிப்படாது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டரில் அடைத்துக்கொள்ளும், மாதக்கணக்கில் டேங்கில் விடக் கூடாது.

கரி நெருப்புச் சட்டி வேண்டவே வேண்டாம். புகை இல்லாத கங்குதான் ஆபத்தானது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு நிறம் மணம் எதுவும் இல்லாமல் சேரும், தூக்கத்திலேயே ஆள் போய்விடும். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் தங்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அடுப்பங்கரை_ஆம்பூர்:

அம்மாவுக்கு ரப்பர் வெந்நீர்ப் பை வாங்குங்க தம்பி, துணி சுத்திக் காலடியில வைங்க. இன்சுலின் போடறவங்களுக்குக் கால்ல சூடு தெரியாம இருக்கலாம், அதனால கொதிக்கற தண்ணி ஊத்தக் கூடாது, கை பொறுக்கற சூடு போதும். குளிக்க, வீட்டுல பழைய செம்பு பாய்லர் இருந்தா இறக்கி ஈயம் பூசிக்குங்க. நடுக்குழாய்ல ரெண்டு சுள்ளியும் தேங்காய் மட்டையும் போட்டா அஞ்சு பேருக்குத் தண்ணி காயும். உள்ளே தண்ணி இல்லாம மட்டும் பத்த வைச்சிடாதீங்க, ஈயம் உருகிடும்.

பாலாற்றங்கரை:

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. கரண்டு போனால் முதலில் தீர்வது தண்ணீர்தான்.

1 ஹெச்பி மோட்டார் 750 வாட், கிளம்பும்போது அதற்கு மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். உங்கள் இன்வெர்ட்டரில் ஓடவே ஓடாது. டேங்கை எப்போதும் முக்காலுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வானிலை எச்சரிக்கை வந்தால் நிரப்பி, ஃப்ளஷ் டேங்கை மூடிவிட்டு பக்கெட்டுக்கு மாறிவிடுங்கள். ஆளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தினால் 1000 லிட்டர் ஐந்து பேருக்கு நாலு நாள். குடிக்கவும் சமைக்கவும் தனியாக ஒரு நாளைக்கு 20 லிட்டர், அதை மூடி போட்ட கேனில் பிடித்து வையுங்கள். ஆர்ஓ மெஷின் கரண்டு இல்லாமல் ஓடாது, ஓடினாலும் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். அந்த நாட்களில் அதை நம்ப வேண்டாம்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற தெருவானால் அதைத்தான் குடிக்கச் சேர்த்து வைக்க வேண்டும். போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அவ்வளவுதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களை ஒட்டிய போர்களில் உப்பும் குரோமியமும் கலந்திருக்கும் இடங்கள் உண்டு. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், அவை அடியில் கூடும். லத்தேரி அவ்வளவு நெருக்கம் இல்லை, இருந்தாலும் ஒரு முறை தண்ணீரைப் பரிசோதித்து வைத்துக்கொள்வது நல்லது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த மாதிரி வந்தால் கரையோரப் போர்களுக்குள் வெளித் தண்ணீர் இறங்கிவிடும். உறைக்குழாயின் வாய் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கிறதா, மூடி இருக்கிறதா பாருங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியையும் இடுப்புயரத்துக்கு மேல் மாற்றிவிடுங்கள்.

மருந்துக்கடை_குடியாத்தம்:

அம்மாவின் இன்சுலினுக்கு: திறந்து பயன்படுத்துகிற குப்பியோ பேனாவோ பெரும்பாலும் அறை வெப்பத்தில் (25 முதல் 30 டிகிரிக்குள்) நாலு வாரம் வரை நிற்கும், அட்டையில் உள்ள நாள் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் நம் ஊர் வீடுகளுக்குள் அந்த அளவைத் தாண்டுவது அபூர்வம். திறக்காத குப்பிகள்தான் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். கரண்டு போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போகும் என்றால் குப்பிகளை சில்வர் டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வையுங்கள். மழைக் காலத்தில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பானை கோடையில் குளிர்கிற அளவுக்குக் குளிராது. ஆனால் வெளியே ஏற்கெனவே குளிர்ச்சி என்பதால் போதும். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, கொட்டிவிட வேண்டியதுதான்.

நெபுலைசர் 100, 150 வாட் எடுக்கும், ஒரு தடவைக்குப் பத்து நிமிடம்தான். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. அந்த நேரத்தில் மற்ற லோடுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலரும் ஸ்பேசரும் (இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்கும் குழல்) ஒரு செட் கையில் வைத்துக்கொள்ள டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள், அதற்குக் கரண்டே வேண்டாம். அம்மா இருக்கும் அறைப் பக்கம் மரத்தூள் புகை அடிக்கிறதா என்று காற்றின் திசை பார்த்து டின்னை வையுங்கள். மாத்திரைகள் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும்.

லத்தேரி_வீடு:

பேட்டரியைச் சோதித்துவிட்டேன். 200 வாட்டில் மூன்று மணி நேரம்கூட முழுசாக ஓடவில்லை. அப்படியானால் 25,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

வயர்மேன்_ஆற்காடு:

அப்படியானால் மூன்று ஃபேன் வேண்டாம், இரண்டு போதும்: அம்மா அறைக்கு ஒன்று, பிள்ளைகள் அறைக்கு ஒன்று. பிஎல்டிசி இரண்டு ஆறாயிரம் ரூபாய்க்குள். 150 ஏஹெச் ட்யூபுலர், பழையதைக் கொடுத்து வாங்கினால் பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம், கடைக்குக் கடை மாறும், ரெண்டு கடை கேளுங்கள். இரண்டாவது சிலிண்டர் டெபாசிட்டும் கேஸும் சேர்த்து மூவாயிரத்தை ஒட்டி. டின் அடுப்பு, மரத்தூள், கொசுவலை இரண்டாயிரம். வோல்டேஜ் கட் ஆஃப் சாதனம் மிச்சப் பணத்தில் வரும். வராவிட்டால் அடுத்த மாதம் போடலாம், அதுவரை காற்றடிக்கிற ராத்திரிகளில் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

பேட்டரி வாங்கும்போது வாரண்டி அட்டையில் தேதி போட்டுக் கடை முத்திரை வாங்குங்கள், உடம்பில் அச்சிட்ட தயாரிப்பு மாதம் மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருந்தால் வேறு கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் முறை பன்னிரண்டு மணி நேரம் தடையில்லாமல் சார்ஜ் ஏற வேண்டும். இன்வெர்ட்டரில் பேட்டரி வகை மாற்றும் சுவிட்ச் பின்பக்கம் இருக்கும், அதை ட்யூபுலரில் வையுங்கள். பலர் வீட்டில் அது சாதா பேட்டரியில் கிடந்து, முழுச் சார்ஜே ஏறாமல் இரண்டு வருஷத்தில் பேட்டரி போகிறது.

கேஸ்_சர்வீஸ்_ராணிப்பேட்டை:

இண்டக்‌ஷனையும் ஒதுக்க வேண்டாம். கரண்டு இருக்கிற நாளில் வெந்நீர், பால், பருப்பு எல்லாம் அதில் வைத்தால் சிலிண்டர் நீளும். ஒரு முழுச் சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்‌ஷனில் செய்ய ஏறக்குறைய 130, 140 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கான இலவச யூனிட் போக, அடுத்த படிக்கட்டுக்குப் பில் ஏறுகிறதா என்று பார்த்து அளவோடு ஓட்டுங்கள். 2000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியரை ஒட்டி இழுக்கும். 6 ஆம்பியர் சின்ன சாக்கெட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு ஓட்டினால் பிளக் உருகும். 16 ஆம்பியர் பாயிண்ட் அடுப்பங்கரையில் இருக்கிறதா என்று வயர்மேன் வரும்போதே பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.